ரோமின் பழைய வழிபாடுகள் அழியவில்லை, இடம் மாறின

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிறிஸ்தவம் எழுச்சி பெற்ற 4ஆம் நூற்றாண்டில் ரோம் நகரின் பழைய வழிபாடுகள் அரசாணையால் அழிந்தன என்று எதிரணித் தலைவர் வாதிட்டார். நகர வாழ்வுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்டு அவை நெடுநாள் நிலைத்தன என்பதே எங்கள் கட்சி.

391இல் பேரரசர் தியோடோசியஸ் பலியிடுவதையும் கோயிலுக்குள் நுழைவதையும் தடை செய்தார் என்று அவர் சான்று காட்டினார். அதை நான் மறுக்கவில்லை. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் செராபிஸ் தெய்வத்தின் கோயில் இடிக்கப்பட்ட கொடுமையையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆணை பிறப்பதற்குள் வழிபாடு எங்கே வேரூன்றியிருந்தது என்பதை அவர் பார்க்கவில்லை.

384இல் மறைந்த பிரடெக்ஸ்டாட்டஸ் என்ற செனட்டரின் நினைவுக் கல்வெட்டைப் பாருங்கள். அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் குரு, சூரியனின் குரு, கிரேக்க நாட்டு எலூசிஸ் மறைச்சடங்கில் தீட்சை பெற்றவர், மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டில் தலைமைப் பட்டமான 'தந்தையரின் தந்தை' என்று, ரோம் நகர ஆட்சித் தலைவராகவும் இருந்த அந்த ஒரே மனிதருக்கு அடுக்கடுக்காகப் பட்டங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவருடைய மனைவி பவுலினாவும் பல தெய்வங்களின் தீட்சை பெற்றவர். கோயிலுக்குக் கோயில் பிரிந்து கிடந்த வழிபாடுகள் இத்தகைய குடும்பங்களில் வந்து சேர்ந்திருந்தன. 382இல் பேரரசர் கிரேஷியன் பழைய வழிபாடுகளுக்கான அரசு மானியத்தை நிறுத்தியது பேரிழப்புதான். ஆயினும் கருவூலத்தை மூடிய பேரரசரால் செல்வர் வீட்டுப் பக்தியை மூட இயலவில்லை.

செல்வர்களை விடுங்கள், பொதுமக்கள் என்ன செய்தார்கள்? 354ஆம் ஆண்டுக்கென ஒரு கிறிஸ்தவச் சீமானுக்காக எழுதப்பட்ட நாட்காட்டி நமக்குக் கிடைத்திருக்கிறது. எகிப்தியத் தெய்வமான ஐசிஸ் தேவியின் விழாவும் தேர்ப்பந்தய நாட்களும் குறிக்கப்பட்ட அதே தொகுப்பில்தான் ரோமின் ஆயர்கள் பட்டியலும் இருக்கிறது. நகரத்தின் ஆண்டு அந்த விழாக்களால் நெய்யப்பட்டிருந்ததால், கிறிஸ்தவனாக மாறியவனுக்கும் அவற்றைத் தவிர்த்து வாழ்வது எளிதாக இல்லை. ஆட்சியாளரும் இதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் 399இல் ஆப்பிரிக்க மாகாணத்துக்கு அனுப்பிய ஆணையில், பலியைத் தடுத்த பேரரசர் ஹொனோரியஸ், மக்கள் கூடிக் களிக்கும் விழாக்களையும் விருந்துகளையும் பழைய வழக்கப்படியே நடத்த இசைந்தார். பலியை விடுத்து விழாவைக் காத்துக்கொண்ட இந்த மாற்றத்தை அழிவு என்று எப்படிச் சொல்வது?

எதிரணியினர் லூப்பர்காலியா விழாவுக்கு விடை சொல்லட்டும். ஆட்டுத்தோல் வாரை ஏந்தி இளைஞர்கள் தெருக்களில் ஓடிய அந்தப் பழம்பெரும் விழாவை, தியோடோசியஸின் ஆணைக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 490களில் திருத்தந்தை கெலாசியஸ் கண்டித்துக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தில் அவர் வாதிட்டது அந்த விழாவை விட மனமில்லாத, கிறிஸ்தவர்களாகிய ரோமானியர்களோடுதான், நடுவர் அவர்களே.