வெந்நீரூற்றுக்குச் சின்ன ரயிலில் போவோம்

(டோக்கியோ, நிஷி-கசாயில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே, நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் எடோகாவா வட்டாரத்து ஜப்பானிய விருந்தினர்களே, ஒவ்வொரு முறையும் அலைந்து திரிந்து இந்த மண்டபத்தைப் பிடித்துத் தரும் செயலாளர் தம்பி அவர்களே, மதியத்திலிருந்து நின்றபடியே இத்தனை பேருக்கும் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி வைத்திருக்கும் அக்காமார்களே, தமிழ் வகுப்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே மேடையில் பேச எனக்கு இடம் கொடுத்தவர் நம் முன்னாள் தலைவர். இன்று முதல் வரிசையில் பேரக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று என் தாத்தா அடிக்கடி சொல்வார். அதை இந்த டோக்கியோவில் செய்து காட்டியவர் அவர். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். வார்டிலிருந்து வந்திருக்கும் அம்மையாருக்கு என் தமிழ் புரியாது, பக்கத்தில் இருக்கும் தங்கை மொழிபெயர்த்துச் சொல்கிறாள். தங்கைக்கும் நன்றி.

"நண்பர்களோடு ஜப்பான் மலைகளில் பயணம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்: எந்த நகரத்தைப் பார்ப்பது, எந்த ஊற்றில் குளிப்பது, நம்மைப் போல மீன் சேர்க்காதவர்கள் அங்கே எதைச் சாப்பிடுவது, எப்படிப் போவது. நான்காவதில் எனக்கு ஆசை அதிகம். அதனால் மற்றவற்றில் கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாகானோ போனால் ஸென்கோஜி கோயிலை விடாதீர்கள். கருவறைக்குக் கீழே கும்மிருட்டுப் பாதை ஒன்று இருக்கிறது. வலது கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே நடந்து, அங்கே தொங்கும் சாவியைத் தொட்டுவிட்டு வர வேண்டும். தொட்டவர்களுக்கு நற்கதி என்பது நம்பிக்கை. குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்கவே அவ்வளவு நன்றாக இருக்கும். மாட்சுமோட்டோவில் கோட்டை, கானாசாவாவில் தோட்டம். எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மேலே போகிறேன்.

சரி, ஊற்று. இந்த நாட்டில் வெந்நீரூற்றுக்கென்றே 1948-ல் ஒரு சட்டம் வந்தது. தண்ணீர் வெளிவரும் இடத்தில் 25 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் சட்டம் சொல்லும் 19 பொருள்களில் ஏதாவது ஒன்று போதிய அளவில் கலந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது ஒன்சென். குன்மா மாநிலத்தில் குசாட்சு என்று ஓர் ஊர், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில். ஊர் நடுவில் யுபதாகே என்று நீளநீளமான மரத் தொட்டிகள். கொதிக்கக் கொதிக்க வரும் தண்ணீர் அதில் ஓடி ஆறுகிறது. அடியில் படியும் மஞ்சள் கந்தகப் படிவத்தைச் சேகரித்து விற்கிறார்கள். அந்தத் தண்ணீர் கடும் அமிலம். பச்சைத் தண்ணீர் கலந்தால் அதன் குணம் நீர்த்துப் போகும் என்று, பெண்கள் வரிசையாக நின்று ஆள் உயரப் பலகையால் துழாவித் துழாவிப் பாட்டுப் பாடிச் சூட்டைத் தணிப்பார்கள். அங்கே நின்றால் மூக்கில் ஏறும் கந்தக வாடை, ஊருக்குத் திரும்பித் துவைத்த பிறகும் துண்டை விட்டுப் போகாது.

இப்போது நான் சொல்ல நினைத்த ஊருக்கு வருகிறேன். நாகானோ மாநிலம், நோசாவா ஒன்சென். பனிச்சறுக்குக்குப் போனவர்கள் இங்கே கை தூக்குங்கள். பாருங்கள், இத்தனை பேர்! ஆனால் அந்த ஊரின் 13 பொதுக் குளியலறைகளில் குளித்தவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பதின்மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு காணிக்கைப் பெட்டி, அவ்வளவுதான். அவற்றை நடத்துவது எந்த விடுதி முதலாளியும் அல்லர். ஒவ்வொரு குளியலறைக்கும் சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்கள் சேர்ந்த ஒரு சங்கம் உண்டு. முறை வைத்துக் கழுவுவது அவர்கள், விளக்குக் கட்டணம் பங்கு போட்டுக் கட்டுவதும் அவர்கள். மேலே ஓகாமா என்று ஐந்து குளங்கள் உண்டு, ஏறக்குறைய 90 பாகையில் கொதிக்கும். நோசாவாவின் கீரையையும் முட்டையையும் அங்கேதான் அவிக்கிறார்கள். அந்தக் குளங்களில் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உரிமை, வேலிக்கு வெளியே நின்று நாம் பார்க்கலாம். ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் இதுதான், ஐயா!

அங்கே என் நண்பருக்கு நடந்ததைக் கேளுங்கள். கும்பகோணத்துக்காரர், என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். டோக்கியோவில் கிளம்பும்போதே அண்ணன் சொல்லிவிட்டார்: "தம்பி, காவேரியில் இடுப்பில் துண்டோடு குளித்து வளர்ந்தவன் நான். துணியில்லாமல் நாலு பேர் முன்னால் நிற்க என்னால் ஆகாது. நீங்கள் குளியுங்கள், நான் வெளியே உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்." சரி என்றோம். சாயங்காலம் பனி கொட்டுகிறது. அண்ணன் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். தொப்பியில் பனி சேர்ந்துவிட்டது. அப்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் வாளியும் துடைப்பமுமாக வருகிறார். அந்த வாரம் கழுவும் முறை அவருடையது. அண்ணனைப் பார்க்கிறார். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கவே இல்லை. பைகளை வாங்கி உள்ளே அலமாரியில் வைக்கிறார், அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறார்!

உள்ளே தனி உடைமாற்றும் அறை கிடையாது. துணி வைக்கும் அலமாரிக்கு எதிரிலேயே தொட்டி. அண்ணன் துண்டை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறார். நாங்கள் ஐந்து பேரும் நாகரிகமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெரியவர் ஒரு மர வாளியைக் கொடுத்து, முதலில் பாதத்தில் ஊற்று, பிறகு முழங்காலில், பிறகு தோளில் என்று செய்து காட்டுகிறார். பிறகு அண்ணனின் துண்டை அவரே வாங்கி, நான்காக மடித்து அண்ணனின் தலையில் வைத்துவிட்டார். துண்டு தொட்டித் தண்ணீரில் படக் கூடாது, அது அங்கே எழுதாத சட்டம். அண்ணனுக்கு இனி வேறு வழி? இறங்கினார். இறங்கிய வேகத்தில் "அய்யோ அம்மா!" என்று ஒரு குரல். அவ்வளவு சூடு. குளிர்ந்த நீர்க் குழாயைத் திறக்கலாம், ஆனால் தொட்டியில் இருப்பவர்களைக் கேட்காமல் திறக்கக் கூடாது. தொட்டியில் இருந்த மூன்று கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, "திற, திற" என்றார்கள். எங்களுக்காகத் திறந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சூடுதான் பிடிக்கும் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அரை மணி நேரம் கழித்து நாங்கள் எல்லாம் ஏறிவிட்டோம். அண்ணன் ஏறவில்லை. கிழவர்களோடு நெல்லைப் பற்றிப் பேச்சு! நம் ஊரில் எத்தனை போகம், அங்கே எத்தனை, பனி உருகி எப்போது நாற்று நடுவது என்று. மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து பார்த்தால் அண்ணன் படுக்கையில் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தோம். பெரியவரோடு சேர்ந்து அண்ணன் மண்டியிட்டுத் தொட்டி விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணன் எங்கே போனாலும் முதலில் கேட்பது, "இந்தக் குளத்தை யார் கழுவுகிறார்கள்?" என்றுதான். (கைதட்டல்) அண்ணன் இன்று பின்வரிசையில் இருக்கிறார், எழுந்து நிற்கச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

கினோசாக்கியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஹியோகோ மாநிலத்து ஊர். 1925-ல் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்து, மறுபடி எழுந்தது. 1927-ல் ஒரு விடுதி தன் வீட்டுக்குள்ளேயே ஊற்றுக் குளியல் கட்டியது. ஊற்று ஊருக்குப் பொது, தனியாருக்கு எப்படி என்று ஊரே வழக்குக்குப் போனது. 1950-ல்தான் சமரசம் வந்தது. விடுதிகள் சின்னதாகக் குளியல் வைத்துக்கொள்ளலாம், தண்ணீரின் பொறுப்பு ஊரிடமே. இன்றும் மக்கள் யுகாதா என்ற பருத்தி அங்கி கட்டிக்கொண்டு, மரச் செருப்பு டக்டக்கென்று ஒலிக்க, பொதுக் குளியலுக்கு நடக்கிறார்கள். ரயில் நிலையம் வாசல், தெருக்கள் தாழ்வாரம், விடுதிகள் அறைகள், ஊர் முழுவதும் ஒரே விடுதி என்பது அந்த ஊர்ப் பேச்சு.

ரயில் நிலையம்தான் வாசல். இதைத்தான் நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்க வந்தேன்.

நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்? வாடகை வேன் எடுக்கிறோம், நெடுஞ்சாலையில் ஓட்டுகிறோம், கடையில் வாங்கியதைச் சாப்பிட்டுத் திரும்புகிறோம். இதற்கிடையில் அந்த மலை ரயில்கள் ஒவ்வொன்றாகத் தேய்கின்றன. ஜேஆர் கிழக்கு ரயில் நிறுவனம் 2022 ஜூலையில், ஆள் குறைந்த பாதைகளின் வரவு செலவுக் கணக்கை முதன்முறையாக வெளியிட்டது. நாளொன்றுக்குச் சராசரி 2,000 பயணிகளுக்கும் குறைவான பாதைகளாக 35 தடங்களில் 66 பகுதிகளைக் காட்டியது. நோசாவாவுக்கு அருகே ஓடும் ஈயாமா பாதையும் அதில் உண்டு. டொயோனோவிலிருந்து எச்சிகோ-கவாகுச்சி வரை 96.7 கிலோமீட்டர், ஆற்றோரமாகவே போகும் டீசல் வண்டி, சில நேரம் ஒரே ஒரு பெட்டி. அந்தப் பாதையில் மோரிமியானோஹாரா என்று ஒரு நிலையம். 1945 பிப்ரவரியில் அங்கே பனி 7.85 மீட்டர் குவிந்தது. அந்த உயரத்தைக் காட்டும் தூண் இன்றும் நிற்கிறது, அண்ணாந்து பார்க்க வேண்டும். 2011 மார்ச்சில் சாகாயே கிராமத்தை நிலநடுக்கம் உலுக்கியது, பாதை சிதைந்தது, ஆனாலும் திரும்ப ஓட வைத்தார்கள்.

புகுஷிமாவின் தாதமி பாதையைப் பாருங்கள். 2011 ஜூலை வெள்ளம் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. பேருந்து விட்டால் போதும் என்ற பேச்சும் வந்தது. மாநிலமும் கரையோர ஊர்களும் விடவில்லை. சிதைந்த பகுதியில் தண்டவாளத்தின் உடைமையையும் பராமரிப்பையும் மாநிலம் ஏற்றது, வண்டியை நிறுவனம் ஓட்டுகிறது. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி, பதினோரு ஆண்டுக்குப் பிறகு, முழுப் பாதையும் மறுபடி திறந்தது. வயலில் வேலை செய்பவர்கள் நிமிர்ந்து ரயிலுக்குக் கையசைப்பார்கள். நம் பிள்ளைகள் பதிலுக்குக் கையசைத்தால் அவர்கள் முகம் எப்படி மலரும் தெரியுமா! ஊர் கூடித் தேர் இழுத்ததால் வந்த ரயில் அது. ஏறி உட்கார ஆள் வேண்டாமா?

ஷின்கான்சென் அதிவேக ரயில் நாகானோவிலிருந்து ஈயாமாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கொண்டுபோய் விடும். அந்தச் சின்ன ரயிலில் போனால் ஒரு மணி நேரம் போல ஆகும். அந்த நேரத்தை நண்பர்களோடு செலவழிக்கத்தானே கிளம்புகிறோம்? தேர் ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது, வடத்தைப் பிடிக்கிற கை நாமாக இருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன், தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். அதை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

வாசல் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பிப்ரவரியில், பனி நன்றாகப் பிடித்த ஒரு வார நாளில், வேன் இல்லாமல் ஈயாமா ரயிலில் நோசாவாவுக்கு ஒரு பயணம். இரவு ஊரிலேயே தங்கல், காலையில் ஊரார் சம்மதித்தால் கொஞ்ச நேரம் தேய்ப்பு வேலை. பெயர், வீட்டில் எத்தனை பேர், குழந்தைகளின் வயது, மூன்றையும் எழுதுங்கள். பச்சை குத்தியவர்கள் அதையும் குறிப்பிடுங்கள், பல இடங்களில் அதற்குத் தடை உண்டு, முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். காணிக்கைப் பெட்டிக்குச் சில்லறை நாணயம் எடுத்து வாருங்கள். அண்ணன் முதல் பெயராக எழுதிவிட்டார்.

தலைவர் ஐயாவுக்கும், வார்டு அம்மையாருக்கும், அக்காமார்களுக்கும் மீண்டும் நன்றி. வணக்கம்.