பால் குடிக்கும்போது அழும் குழந்தை

வணக்கம். இரண்டு மாதக் குழந்தை. பாலுக்கு ஆவலாக வாய் வைக்கிறது. சிறிது நேரத்தில் விட்டுவிட்டு வீறிடுகிறது. வயிற்று வலி என்றுதான் யாரும் நினைப்பார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கூடவே நெற்றி வியர்த்து, முகம் வெளுத்தால் எனக்கு இதயத்தின் மேல்தான் சந்தேகம் வரும்.

அல்காப்பா என்றொரு பிறவிக் குறை உண்டு. சுமார் 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. இதயத் தசைக்கு ரத்தம் தரும் இடது கரோனரி தமனி, மகாதமனியில் பிறக்காமல் நுரையீரல் தமனியில் பிறந்துவிடுகிறது. கருவில் இதனால் தொந்தரவில்லை. இரண்டிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. பிறந்து சில வாரங்களில் நுரையீரல் தமனியின் அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் இடது கரோனரிக்குள் ரத்தத்தைத் தள்ள விசை ஏது? வலது கரோனரியிலிருந்து கிளைகள் வழியே வருகிற ரத்தமும் தசைக்குப் போகாமல், அழுத்தம் குறைந்த நுரையீரல் தமனிக்கே வடிந்துவிடுகிறது. பால் குடிப்பது பச்சைக் குழந்தைக்குப் பெரிய உழைப்பு. அப்போது வரும் அந்த அழுகை, நெஞ்சுவலி. 1933-இல் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு மூன்று மாதக் குழந்தையிடம் கண்டு எழுதியது இதைத்தான்.

எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறை பெருத்து, சோர்ந்து துடிக்கும். இதயத் தசை நோய் என்று முடிவுகட்டிவிடுவது இங்கே மிக எளிது. நான் அஞ்சுவதும் அதற்குத்தான். கரோனரி எங்கே கிளம்புகிறது என்று பார்க்காமல் அந்த முடிவுக்கு வரவே கூடாது. ஈ.சி.ஜி.யில் ஆழமான க்யூ அலைகள், ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில் கரோனரிக்குள் தலைகீழாக ஓடும் ரத்தம், இரண்டும் வழிகாட்டும். அப்படியும் தெளியவில்லையென்றால் சி.டி. ஆஞ்சியோ.

கண்டுபிடித்தால் அறுவைதான், தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. தமனியின் வாயைச் சுற்றியுள்ள சுவரோடு பொத்தான்போல வெட்டியெடுத்து, மகாதமனியில் தைக்கிறோம். நுரையீரல் தமனியில் உண்டான ஓட்டைக்கு ஒட்டுப் போடுகிறோம். களைத்த இதயம் உடனே தேறாது. சில குழந்தைகளுக்குச் சில நாள், இதயம், நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ இயந்திரத்தின் துணை வேண்டியிருக்கும். பட்டினி கிடந்த தசை மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வலுப்பெறும். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மிட்ரல் வால்வில் இந்தக் குறையால் வரும் கசிவும் பல குழந்தைகளுக்கு அதோடு குறையும்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். முடிந்தால் குழந்தை பால் குடிப்பதை போனில் ஒரு நிமிடம் படம் பிடித்துக் கொண்டுபோங்கள். பரிசோதனை அறையில் குழந்தை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.