நாற்பத்தேழு நாள் கடன்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதியவன் நான். நான்கைந்து லேத், பத்துப் பதினைந்து ஆட்கள், தரையெல்லாம் இரும்புச் சீவல். அப்படிப்பட்ட பட்டறைகள். நொடித்துப்போகும் கார் கம்பெனியை அரசு காப்பாற்றலாமா என்று பேச அழைத்தபோது உடனே ஒப்புக்கொண்டேன். இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் கம்பெனியின் பெயர் அடிபடுகிறது, முதலாளியின் பெயர் அடிபடுகிறது. பட்டறையின் பற்று வரவுப் புத்தகத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இன்று அதைத் திறந்து வைத்துக்கொண்டு பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். 2008 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்றின் தலைவர்களும் வாஷிங்டனுக்குப் போய், நாடாளுமன்றத்திடம் 2,500 கோடி டாலர் கடன் கேட்டார்கள். கடன் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு கம்பெனி விமானத்தில் வந்திறங்கியதைப் பார்த்து நாடே கொதித்தது. மறுமாதம் காரில் போனார்கள். அப்போது கேட்ட தொகை 3,400 கோடியாக ஏறியிருந்தது. டிசம்பர் 11ஆம் தேதி மேலவையில் மசோதா தோற்றது. எட்டு நாள் கழித்து, பதவிக்காலம் முடிய ஒரு மாதமே இருந்த அதிபர் ஜார்ஜ் புஷ், வங்கிகளைக் காப்பாற்ற ஒதுக்கியிருந்த 70,000 கோடி டாலர் நிதியிலிருந்து 1,740 கோடியை ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் எடுத்துக் கொடுத்தார்.

இதில் ஃபோர்டின் பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கம்பெனி 2006இலேயே தன் ஆலைகளையும், காரின் முகப்பில் இருக்கும் அந்த நீல முத்திரையையும்கூட அடகு வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டி வைத்திருந்தது. அதனால் அந்த மீட்பு நிதியில் கை வைக்காமலே தாக்குப்பிடித்தது. போட்டியாளர்கள் இரண்டு பேர் ஒழிந்தால் ஃபோர்டுக்குச் சந்தை முழுவதும் திறந்து கிடக்கும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். ஆனால் ஃபோர்டின் தலைவர் ஆலன் முலாலி, என் போட்டியாளர்களுக்குப் பணம் கொடுங்கள் என்று நாடாளுமன்றத்தில் வாதாடினார்.

ஏன் என்பது எங்கள் தொழிற்பேட்டையில் டீ கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும். பிஸ்டன், பேரிங், இருக்கைச் சட்டம், கம்பிக்கட்டு இவற்றையெல்லாம் கார் கம்பெனி தானே செய்வதில்லை. ஒரே உதிரிபாகக் கம்பெனி மூன்று பேருக்கும் செய்து கொடுக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் சரக்கு வாங்கினால் சராசரியாக 47 நாள் கழித்துத்தான் பணம் கொடுக்கும். அது திடீரென்று மஞ்சள் கடிதாசி கொடுத்தால், ஒவ்வொரு உதிரிபாகக் கம்பெனிக்கும் ஒன்றரை மாத விற்பனைப் பணம் அப்படியே நின்றுபோகும். அதைத் தாங்கும் கையிருப்பு பலரிடம் கிடையாது. அவர்கள் படுத்தால், மறுவாரமே ஃபோர்டின் ஆலையில் பொருத்துவதற்கு இருக்கைச் சட்டம் இருக்காது.

அந்தக் குளிர்காலத்தின் அலை இங்கும் வந்தது. சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாசனர்ஸ் 1990களின் தொடக்கத்திலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பி, அந்தக் கம்பெனியின் சிறந்த சப்ளையர் விருதைத் திரும்பத் திரும்ப வாங்கிய நிறுவனம். அமெரிக்கக் கார் கம்பெனிகளின் ஊரான டெட்ராய்ட்டுக்கும் நமக்கும் இருக்கும் தூரம் அவ்வளவுதான். நான் கணக்கு எழுதிய பட்டறை ஒன்று, ஏற்றுமதி செய்யும் வேறொரு பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தது. 2008 தீபாவளி வரை ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். டிசம்பரில் வேலை நின்றது. செய்து கொடுத்த வேலைக்கான பில் தொகை ஏப்ரல் வரை வரவில்லை. கேட்டால், எங்களுக்கே வரவில்லை என்றார்கள். அது பொய்யும் இல்லை. பொங்கலுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளியின் மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்தார். பதினான்கு பேரில் ஆறு பேரைப் பிப்ரவரியில் நிறுத்தினோம். கணக்கை முடித்து உறையில் போட்டுக் கொடுத்தது என் கைதான். எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாயை வாங்கிக்கொண்டு, “மறுபடி எப்ப சார் வரணும்?” என்று கேட்ட அந்த லேத்காரருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? அவர் செய்த வேலையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகு கிடையாது. கடன் கொடுத்து ஏமாந்தது அமெரிக்க வங்கி, மோசமான கார் செய்தது அமெரிக்கக் கம்பெனி. தண்டனை மட்டும் அம்பத்தூருக்கு வந்தது.

ஆகவே, காப்பாற்றவே கூடாது என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1950களில் அமெரிக்கச் சாலையில் ஓடிய புதுக் கார்களில் ஏறக்குறையப் பாதி ஜெனரல் மோட்டார்ஸின் கார்கள். 2008இல் அந்தப் பங்கு நான்கில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த ஒரே ஆண்டில் 3,090 கோடி டாலர் நட்டம். பெரிய வண்டி விற்றால் போதும் என்று சிறிய கார்களை ஜப்பானியரிடம் விட்டுக்கொடுத்த நிர்வாகத்தின் தவற்றுக்கு வரி கட்டுபவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? திவால் நீதிமன்றத்துக்குப் போகட்டும், கடனைக் கழித்துக்கொண்டு புதிதாகத் தொடங்கட்டும் என்று குடியரசுக் கட்சி அரசியல்வாதி மிட் ராம்னி அப்போது எழுதினார். படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் திவால் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போதும் ஆலை ஓட வேண்டும். சம்பளம், மின்சாரம், எஃகு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். சாதாரணக் காலத்தில் அந்தப் பணத்தை வங்கிகள் கொடுக்கும். 2009 வசந்தத்தில் அந்த வங்கிகளே அரசிடம் கை நீட்டிக்கொண்டிருந்தன. கொடுக்கக்கூடிய ஒரே இடம் அரசின் கஜானா.

உண்மையில் நடந்ததும் திவால்தான். மார்ச் மாதம் ஒபாமா நிர்வாகம் இரண்டு கம்பெனிகளும் கொடுத்த சீரமைப்புத் திட்டத்தையும் திருப்பி அனுப்பியது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ரிக் வேகனர் பதவி விலக வேண்டியிருந்தது. கிரைஸ்லர் ஏப்ரல் 30ஆம் தேதியும், ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1ஆம் தேதியும் நீதிமன்றம் போயின. நாற்பதே நாளில், ஜூலை 10ஆம் தேதி, புதிய ஜெனரல் மோட்டார்ஸ் வெளியே வந்தது. பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்குப் புதிய கம்பெனியில் பத்து விழுக்காடு பங்கு. அமெரிக்க அரசுக்கு அறுபது விழுக்காட்டுக்குச் சற்று மேல். போன்டியாக், சாட்டர்ன் போன்ற பெயர்களை இழுத்து மூடினார்கள். இவற்றோடு சேர்த்து அந்த அரசு செய்த ஒரு காரியத்தை நான் மனதாரப் பாராட்டுவேன்: உதிரிபாகம் கொடுத்தவர்களுக்கு நிலுவை நிற்காமல் இருக்க மார்ச் மாதமே 500 கோடி டாலர் தனியாக ஒதுக்கினார்கள். நாற்பத்தேழு நாள் கடனை ஒரு அரசு கண்ணெடுத்துப் பார்த்ததை நான் அப்போதுதான் கண்டேன்.

ஜெனரல் மோட்டார்ஸில் போட்டது சுமார் 4,950 கோடி டாலர், 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்று முடித்தபோது திரும்பி வந்தது சுமார் 3,900 கோடி. ஆயிரம் கோடிக்கு மேல் நட்டம். ஒரு கணக்கனாகச் சொல்கிறேன்: அந்த நட்டம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேலையற்றோர் உதவித்தொகையாகவும், இழந்த வரியாகவும் அதைவிட அதிகம் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. டெல்ஃபி என்பது ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து 1999இல் பிரித்துவிடப்பட்ட உதிரிபாகக் கம்பெனி. மீட்பு நடந்தபோது அதன் ஓய்வூதிய நிதி அரசுக் காப்பீட்டுக் கழகத்திடம் போனது. தொழிற்சங்கத்தில் இருந்த தொழிலாளர்களுக்குப் பழைய ஒப்பந்தத்தின்படி, ஓய்வூதியத்தில் குறைந்துபோன தொகையை ஜெனரல் மோட்டார்ஸ் ஈடுகட்டியது. சங்கம் இல்லாத மேற்பார்வையாளர், பொறியாளர், அலுவலக ஊழியர் என்று சுமார் 20,000 பேருக்கு ஈடுகட்ட ஆள் இல்லை. ஓய்வூதியம் வெட்டப்பட்டு, பல ஆண்டுகள் வழக்காடித் தோற்றார்கள். ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்த இருவரில் ஒருவருக்கு முழு ஓய்வூதியம், மற்றவருக்கு வெட்டு. ஜெனரல் மோட்டார்ஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கோ பழையவர்களின் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி. அந்த இரட்டைச் சம்பளத்தை ஒழிக்க 2023இல் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. மீட்பவன் கையில் பணமும் அதிகாரமும் இருந்த 2009இல் இதையெல்லாம் சரி செய்திருக்கலாம். பெரும்பான்மைப் பங்கு கையில் இருந்தும், நாங்கள் கார் கம்பெனி நடத்த வரவில்லை என்று அரசு விலகியே நின்றது. பணம் போட்டவன் கேள்வி கேட்கக் கூச்சப்படக் கூடாது.

பிரிட்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. பிரிட்டிஷ் லேலண்டை 1975இல் நாட்டுடைமை ஆக்கினார்கள். உலகச் சந்தையில் வங்கிகள் உறைந்துபோன காலம் இல்லை அது. அந்தக் கம்பெனியின் கார்களை மக்கள் வாங்கவில்லை, ஆலைக்குள் நிர்வாகமும் தொழிலாளரும் ஓயாமல் மோதிக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில் அரசுப் பணம் போனது. 1988இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கு 15 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். அங்கிருந்து பிஎம்டபிள்யூவிடம் போய், 2000இல் பத்தே பவுண்டுக்கு ஒரு குழுவிடம் கை மாறி, 2005 ஏப்ரலில் லாங்பிரிட்ஜ் ஆலை மூடியபோது சுமார் 6,000 பேர் வீட்டுக்குப் போனார்கள். நோய் கம்பெனிக்குள் இருக்கும்போது பணத்தை ஊற்றினால் நோய்தான் வளரும் என்பதை அந்த ஊர் முப்பது ஆண்டுகள் செலவழித்துக் கற்றுக்கொண்டது.

அந்த லேலண்டின் எம்ஜி என்ற பெயர் இன்று சீனக் கம்பெனியிடம் இருக்கிறது. அந்தப் பெயரில் குஜராத்தின் ஹாலோலில் கார் செய்கிறார்கள். ஹாலோல் ஆலை முன்பு யாருடையது தெரியுமா? ஜெனரல் மோட்டார்ஸுடையது. அமெரிக்க மக்களின் பணத்தில் உயிர் பிழைத்த கம்பெனி 2017இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டு, அந்த ஆலையையும் கைமாற்றிவிட்டுப் போனது.

நம் ஊருக்கு வருகிறேன். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. மறைமலை நகர், குஜராத்தின் சனந்த் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 4,000 ஊழியர்கள். 2022 கோடையில் மறைமலை நகர்த் தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காகப் போராடினார்கள். ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. அப்போது அரசு பணம் கொடுத்து ஃபோர்டைத் தக்கவைத்திருக்க வேண்டும் என்று பலர் என்னிடம் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. தாய்க் கம்பெனியிடம் பணம் இருந்தது. சற்றுத் தொலைவில் ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோர்டின் காரை இந்தியர்கள் போதுமான அளவு வாங்கவில்லை. 2009இல் டெட்ராய்ட்டுக்கு வந்த ஆபத்து இது இல்லை. லாங்பிரிட்ஜுக்கு வந்தது போன்றது. கம்பெனிக்கு ஒரு ரூபாயும் கொடுத்திருக்கக் கூடாது.

ஆனால் கம்பெனி வரும்போது நிலம் கொடுக்கிறோம், வரிச் சலுகை கொடுக்கிறோம், தண்ணீரும் மின்சாரமும் வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அப்போது சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். டெட்ராய்ட்டுக்குக் கடன் கூடாது என்று மேலவையில் முன்னால் நின்று எதிர்த்தவர்களில் ஒருவர் அலபாமா மாநிலத்துக்காரர். அந்த மாநிலம் 1993இல் மெர்சிடிஸ் ஆலையை வரவழைக்க 25 கோடி டாலருக்கு மேல் சலுகை கொடுத்தது.

வருவதற்குக் கொடுக்கும்போதே, போவதற்கான நிபந்தனையையும் எழுதி வாங்க வேண்டும். சிறு பட்டறைக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் கம்பெனி திவாலாகிவிட்டால் 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் பணம் கிடைக்கும் வரிசை வேறு. கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்கும்போது, அடமானம் வைத்திருக்கும் வங்கியும், இரண்டு ஆண்டுச் சம்பள நிலுவை வரை தொழிலாளியும் முன்னால் நிற்கிறார்கள். சரக்குக் கொடுத்த பட்டறை வெகு பின்னால் நிற்கிறது; அதன் முறை வரும்போது பெரும்பாலும் பெட்டி காலி. தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்த இடத்தை லேத் வைத்திருப்பவனுக்கும் கொடுக்கலாமே? அவனும் தொழிலாளிதான், தன் பட்டறையில் தானே நின்று வேலை செய்கிறான்.

2024 செப்டம்பரில் ஃபோர்டு, மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடி பயன்படுத்த விரும்புவதாகத் தமிழக அரசிடம் கடிதம் கொடுத்தது. வரட்டும், மகிழ்ச்சி. இந்தக் கம்பெனியோடும் சரி, இனி வரும் எந்தக் கம்பெனியோடும் சரி, போடும் ஒப்பந்தத்தில் மூன்று வரி கூடுதலாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஆலையை மூடுவதானால் ஓராண்டு முன்னறிவிப்பு. தொழிலாளர் இழப்பீட்டுக்கு ஆண்டுதோறும் வங்கியில் தனி வைப்பு. போவதற்கு முன் கடைசிப் பட்டறை வரைக்கும் பில் பைசல். இதை எழுதிக் கேட்டால் கம்பெனி பக்கத்து மாநிலத்துக்கு ஓடிவிடும் என்பார்கள். இருக்கலாம். மூன்று வரிக்குப் பயந்து ஓடும் கம்பெனி, நொடிக்கும் நாளில் யாருக்கு என்ன மிச்சம் வைத்துவிட்டுப் போகும் என்று அந்த லேத்காரரிடம் கேட்டால் சொல்லுவார். 2009 ஆகஸ்டில் பட்டறைக்கு மறுபடி வேலை வந்தபோது, நிறுத்திய ஆறு பேருக்கும் ஆள் அனுப்பினோம். நான்கு பேர் வந்தார்கள். அவர் வரவில்லை; ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவருடைய மைக்ரோமீட்டர் நான் வேலையை விடும்வரை அலமாரியில் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

நன்றி. வணக்கம்.