கரடி வரும் ஊரிலிருந்து கேன்டர்பரிக்கு

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டில் காட்டுயிர் பாதுகாப்பு முதுகலை படித்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கிளம்பும்போது கோத்தகிரியில் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார்: "ஏம்மா, இங்க கரடியே ரேஷன் கடைக்கு வருது, நீ மிருகத்தைப் பத்திப் படிக்க லண்டன் போறியா?"

லண்டன் இல்லை, அதே இங்கிலாந்தில் கேன்டர்பரி. கென்ட் பல்கலைக்கழகத்தில், காட்டுயிர் எழுத்தாளர் ஜெரால்ட் டரல் பெயரில் 1989-இல் தொடங்கிய காட்டுயிர் பாதுகாப்பு நிலையம். மனிதர் பிறந்தது நம் ஜாம்ஷெட்பூரில்தான், அதை அங்கே எல்லாரிடமும் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

நான் போன வருடம் 2022. பக்கத்துப் பிளீன் காட்டில் ஜூலை மாதம் மூன்று ஐரோப்பிய பைசன் மாடுகளை விட்டிருந்தார்கள், மூன்றும் பெண். அதில் ஒன்று சினையாக இருந்தது யாருக்கும் தெரியவில்லை, செப்டம்பரில் கன்று போட்டுவிட்டது. 1920களில் காட்டில் அடியோடு அற்றுப்போன இனம், மிருகக்காட்சிசாலைகளில் மிஞ்சியவற்றில் 12 மாடுகளின் வம்சம்தான் இன்று இருப்பதெல்லாம். இவை பட்டையை உரித்து மரங்களைச் சாய்த்தால், நட்டு வளர்த்த பைன் தோப்புக்குள் வெயில் இறங்கும், செடிகொடி வரும் என்பது கணக்கு. ஆனால் சட்டப்படி ஆபத்தான விலங்கு, அதனால் உரிமம், வேலி, நடக்க வருகிறவர்கள் மாட்டின் எதிரே போய்விடாதபடி ஆயிரம் ஏற்பாடு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காட்டு மாடு நின்றால் நாங்கள் குடையை மடக்கிக்கொண்டு சுற்று வழியில் போவோம், அவ்வளவுதான் ஏற்பாடு.

சரி, அங்கே என்னதான் படித்தேன்? எண்ணப் படித்தேன். நேர்கோட்டில் நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு விலங்கும் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்தால், கண்ணில் படாமல் போனது எத்தனை இருக்கும் என்று மதிப்பிடலாம். அதற்காக கணினி முன்னால் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அழுததும் உண்டு. ஆனால் பாதி வகுப்பு விலங்கைப் பற்றியே இல்லை. காடு யாருடையது, பயிர் போனவனுக்கு யார் பணம் தருவது, இதுதான் பேச்சு. அதற்காகவே போகலாம் என்பேன். விலங்கைப் பார்க்க மட்டும் என்றால் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் முதுகலை இருக்கிறது, செலவும் குறைவு.

செலவு என்றதும் ஒன்று. ஒரு ஏஜென்ட்டிடம் பணம் கட்டி ஏமாந்தேன், விண்ணப்பத்தை நாமே போடலாம். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். காமன்வெல்த் உதவித்தொகையும் பாருங்கள். பகுதிநேர வேலை பார்த்தே கட்டணம் கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி.

ஆய்வுக்கு ஊருக்கே திரும்பி வந்தேன், காட்டு மாடும் தேயிலை விவசாயிகளும் தலைப்பு. முதல் பேட்டி அதே அண்ணன்தான். பல்கலைக்கழகம் கொடுத்த ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கி நீட்டினேன். இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "இதுல கையெழுத்துப் போட்டா, போன மாசம் மிதிச்ச கேரட்டுக்கு நிவாரணம் வருமாம்மா?"