வாட்ச் தூங்கலாம், கார் தூங்கக் கூடாது

வணக்கம் மக்களே! டேபிள் மேல இருக்கிறது எச்.எம்.டி ஜனதா வாட்ச். பின்னாடி கவர் போட்டு நிக்கிறது பிரீமியர் பத்மினி கார். ரெண்டுமே வருஷக்கணக்கா ஓடாம கிடந்ததுங்க. "அப்பப்போ ஓட்டிக்கிட்டே இருந்தா கெடாது"ன்னு ரெண்டுக்குமே ஒரே வைத்தியம் சொல்வாங்க. காருக்கு அது சரி. வாட்சுக்கு இல்ல.

ஜனதா சாவி கொடுக்கிற வாட்ச், 17 ஜுவல், அதாவது அச்சு முனை தேயாம தாங்குற குட்டிக் கல்லுங்க. ஓடும்போது மணிக்கு 18,000 துடிப்பு. அப்போ ஒரு நாளைக்கு 4,32,000. இத்தனையும் தாங்குறது தலைமுடி கனத்துல ஒரு அச்சு முனையும், அதுல ஊசி முனையளவு ஆயிலும். வாட்ச் ஓடினாலும் ஓடாட்டியும் அந்த ஆயில் காஞ்சுதான் போகும். ஆனா நின்னுக்கிட்டிருக்கிற வாட்ச்ல எதுவும் உரசாது, அதனால தேய்மானமும் கிடையாது. பீரோவுல இருந்து எடுத்து, சாவி கொடுத்து, "அட, ஓடுதே!"ன்னு தினமும் கட்டிக்க ஆரம்பிக்கிறோம் பாருங்க, ஆபத்து அங்கதான். பழைய ஆயிலும் தூசியும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அச்சைத் தேய்க்கும். முதல்ல சர்வீஸ், அப்புறம்தான் கையில கட்டணும்.

இன்னொண்ணு. "சாவி ஜாஸ்தி கொடுத்துட்டேன், அதான் நின்னுடுச்சு"ன்னு சொல்வாங்கல்ல? பெரும்பாலும் அது காரணமே இல்ல. ஸ்பிரிங் முழுசா சுத்தியிருக்கு, ஆனா பிசின் ஆன ஆயில் வீலை நகர விடல. அவ்வளவுதான். செல் போடுற வாட்சா இருந்தா தீந்த செல்லை உடனே கழட்டிடுங்க. கசிஞ்சா உள்ள மொத்தமும் அரிச்சுடும்.

இப்ப காருக்கு வருவோம். கார் சும்மா நிக்கும்போதே கெடும். பெட்ரோல் சில மாசத்துலயே பழசாயிடும், பெட்ரோலைக் காத்தோட கலக்குற கார்புரேட்டர்ல, ஜெட்டுன்னு சொல்ற பொடி ஓட்டையில பிசின் மாதிரி படியும். இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், டேங்க் உள்ளயே துரு. சென்னைக் காத்தைப் பத்தி நான் சொல்லவே வேணாம்! பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும், வீல்ல பிரேக்கை அழுத்துற வீல் சிலிண்டர் இறுகிக்கும். கிளட்ச் பிளேட், இன்ஜினோட சுத்துற ஃப்ளைவீல் சக்கரத்தோட ஒட்டிக்கும். ஒயரை எலி பாத்துக்கும்.

இதுக்கு பயந்து வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி, அஞ்சு நிமிஷம் உறும விட்டு ஆஃப் பண்றவங்க நிறைய. எனக்கு இதுதான் பிடிக்காத பழக்கம். இன்ஜின் சூடாகுறதுக்குள்ள ஆஃப் பண்ணா சைலன்சர்லயும் இன்ஜின் ஆயில்லயும் தண்ணி தங்கிடும். பேட்டரியும் திரும்ப சார்ஜ் ஆகாது. ஓட்டுறதுன்னா ரோட்டுல அரைமணி நேரமாவது ஓட்டுங்க. முடியாதா, பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு விட்டுடுங்க.

ரொம்ப வருஷம் நின்ன கார்ல புது பேட்டரி போட்டு நேரா சாவியத் திருப்பாதீங்க. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்க. அடுத்த நாள் பிளக் போடாமலே டாப் கியர்ல போட்டு மெதுவா தள்ளிப் பாருங்க. இன்ஜின் சுத்துச்சுன்னா பாதி கவலை தீந்துச்சு. சுத்தலன்னா முரட்டுத்தனமா தள்ளாதீங்க, பிஸ்டன் ரிங் துருப்பிடிச்சு சிலிண்டரோட ஒட்டியிருக்கும். திரும்ப ஆயில் விட்டுக் காத்திருங்க. அப்புறம் பழைய பெட்ரோலை வடிச்சு, டேங்க், பைப், கார்புரேட்டர் எல்லாம் சுத்தம்.

இன்ஜின் சத்தம் கேட்ட குஷியில அப்படியே தெருவுக்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க, பிரேக் இன்னும் பாக்கல! நம்ம பத்மினிக்கு வீல் சிலிண்டர் கிட் சொல்லியிருக்கேன். வந்ததும் பிரேக் டிரம்மைக் கழட்டுறோம், அடுத்த வீடியோ அதான்.