சாக்கு, மஞ்சள், பினாங்குக் காற்று

வணக்கம் நேயர்களே.

கலப்பு ஊடக ஓவியம் என்றதும், கையில் கிடைத்ததைப் பலகையில் ஒட்டி மேலே நாலு தீற்று தீற்றினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒட்டுவது கால் வேலைகூட இல்லை. எதன்மேல் எது, எது காய்ந்தபின் எது என்பதில்தான் ஓவியம் நிற்கும். அதுவும் பினாங்கில், துவைத்த துணியே காய மறுக்கிற ஊரில்.

கோணிச் சாக்கையே ஓவியமாக்கியவர் இத்தாலியின் அல்பெர்தோ புர்ரி. 1915இல் பிறந்தவர், மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு டெக்சஸ் முகாமில் கைதியாக இருந்தபோது தூரிகை எடுத்தார். ஊர் திரும்பியபின் ஊசி மருந்துப் பக்கம் போகவில்லை. 1950களில் கிழிசலும் ஒட்டும் தையலும் தெரியச் சாக்கைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். காயமும் கட்டும் என்று பலர் பொருள் சொன்னார்கள். அதை விட்டுவிட்டு, தையல் எங்கே இறுகுகிறது, துணி எங்கே தளர்கிறது என்று பார்த்தால் அவர் கை தெரியும். நம் மலேசிய ஓவியர் இப்ராஹிம் ஹுசேன் அச்சையும் (பிரிண்ட்) ஒட்டுப்படத்தையும் (கொலாஜ்) சேர்த்துத் தன் முறைக்கு ‘பிரிண்டேஜ்’ என்றே பெயர் வைத்தார்.

சாக்கில் நீங்களும் இறங்குவதானால், சணல் சாக்காகக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். சோப்புப் போட்டு வெந்நீரில் அலசி, வெயிலில் மொறமொறவென்று காய வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. கேன்வாஸ் இந்தக் கனத்தில் தொய்யும். 9 மில்லிமீட்டர் பிளைவுட் நல்லது. பலகைக்கு முன்னும் பின்னும் பூச்சு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். மைதாப் பசை வேண்டவே வேண்டாம். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது விருந்து. அக்ரிலிக் ஜெல் மீடியத்தை, அதாவது நிறமி சேராத கெட்டியான அக்ரிலிக் கூழை, பலகையிலும் சாக்கிலும் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலர் ஓட்டுங்கள்.

மஞ்சள்தூளைச் சாயமாகக் கலக்கும் ஆசை நம்மவர்களுக்கு அதிகம். தூளை அக்ரிலிக் மீடியத்தில் போட்டுக் குழப்பிப் பாருங்கள்: பளிச்சென்ற மஞ்சள் மெல்லச் செம்பழுப்பாகச் சாயும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே கதைதான். மீடியத்திலும் காரம் இருக்கிறது. அந்த நிறமாவது நிற்குமா என்றால், அதுவும் இல்லை. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் மஞ்சள் காவி மண் வகை நிறமியே நம்பகம்.

எண்ணெய் வண்ணத்தை அக்ரிலிக்கின்மேல் பூசலாம். தலைகீழாகச் செய்தால் உரியும். ஜெல்லை ஒரே மூச்சில் கனமாக அப்பினால் மேலே தோல் கட்டி, அடியில் பால் வெள்ளையாக ஈரம் தங்கும். 3 மில்லிமீட்டர் அப்பி, கண்ணாடிபோல் தெளிந்தபின் அடுத்ததைத் தொடங்குங்கள். மழைக்காலத்தில் இதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம். மின்விசிறி போதும். முடி உலர்த்தியைக் கிட்டே பிடித்தால் குமிழி எழும்பும்.

ஆணி, கம்பி பதிப்பதென்றால் முதலில் துருத்தடுப்புப் பூச்சு. இல்லாவிட்டால் வண்ணத்தில் உள்ள தண்ணீரே துருவைக் கிளப்பிவிடும்.

மாட்டும்போது, பலகையின் பின்புறம் நான்கு மூலையிலும் 1 சென்டிமீட்டர் தக்கைத் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகட்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றி, பின்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் முன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும்.