வாழைக்குட்டியும் பனங்கொட்டையும்

நேயர்களுக்கு வணக்கம். கலப்பிரிவு பற்றிப் பேசச் சொன்னார்கள். தமிழ்நாட்டுப் புத்தகங்கள் செல் என்பதைத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் கலம் என்று படித்தோம். வானொலியில் படம் கீறிக் காட்ட முடியாது. அதனால் உங்கள் குசினிக்கே வருகிறேன்.

ஒரு சின்ன வெங்காயத்தை, அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் முட்டும்படி ஒரு தேத்தண்ணிக் கிளாஸின் வாயில் வையுங்கள். சில நாளில் வெள்ளை வேர் இறங்கும். அந்த வேரின் நுனியில்தான் கலங்கள் மும்முரமாகப் பிரிகின்றன. உயர்தர வகுப்பில் நுனியை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வெட்டி, ஐதான அமிலத்தில் இளஞ்சூடாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பெருவிரலால் நசுக்குவோம். விரல் சறுக்கினால் போச்சு, எல்லாம் கூழ்!

நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பெரும்பாலான கலங்கள் உருண்டைக் கருவோடு சும்மா இருப்பதுபோலத் தெரியும். அங்கொன்று இங்கொன்றில்தான் கரு கலைந்து நூல்துண்டுகள் தெரியும். அவைதான் பரம்பரை இயல்புகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள். வெங்காயத்துக்கு 16, மனிதருக்கு 46. அவை நடுவில் வந்து நிரைகட்டும். பிறகு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் இழுபடும். இடையில் சுவர் எழும். 1882இல் வோல்தர் பிளெமிங் என்ற ஜேர்மன் விஞ்ஞானி இதையெல்லாம் விரிவாகப் படம் வரைந்து வெளியிட்டார். பிள்ளைகள் முன்னவத்தை, அனுவவத்தை என்று பிரிவின் நாலு கட்டங்களின் பெயர்களைப் பாடமாக்குகிறார்கள். சோதனைக்கு வேண்டியதுதான். ஆனால் முக்கியமான வேலை அந்த நாலு அவத்தையிலும் நடப்பதில்லை. சும்மா இருக்கிறது என்று நாம் நினைத்த கலம், அந்த நேரத்தில்தான் தன் நிறமூர்த்தங்களில் உள்ள டிஎன்ஏ முழுவதையும் பிரதி எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பிரிந்த பிறகும் இரண்டு பக்கமும் அதே 16.

சரி, இனி வளவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் ஒரு கதலி வாழைக் குட்டியைக் கிளப்பி நடுகிறீர்கள். அது இதே கலப்பிரிவால் வளர்ந்தது; அதனால் தாயின் பிள்ளை என்று சொல்வதைவிட, தாயேதான் இன்னொரு குழியில் நிற்கிறது என்று சொல்லலாம். பழத்துக்குள் தெரியும் கறுப்புப் புள்ளிகள், விதையாகாமல் போனவை. நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறமூர்த்தங்கள் மூன்று தொகுதி. விதைக்கு வேண்டிய பாதிப் பங்கைப் பிரிக்கும் ஒடுக்கற்பிரிவில் அவை சோடி சேர வேண்டும்; மூன்று பேர் எப்படிச் சோடி சேர்வது? ஆகவே குட்டிதான் வழி. எல்லாம் ஒரே அச்சு என்பதால், ஒன்றை விழுத்தும் நோய் தோட்டத்தையே விழுத்தும். குரோமிஷல் என்ற ஏற்றுமதி வாழையைப் பனாமா வாடல் நோய் அப்படித்தான் சந்தையிலிருந்து துரத்தியது.

பனையின் கதை வேறு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆணின் மகரந்தத்தில் பாதி, பெண்ணின் சூலில் பாதி. அந்தப் பாதிகளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு. ஒரே பனம்பழத்தின் மூன்று கொட்டைகளும் ஒன்றுபோல் இரா.

என் அப்பப்பா வேலியோரம் ஐந்து கொட்டை புதைத்தார். ஆணா பெண்ணா என்று வடலியைப் பார்த்துச் சொல்ல ஏலாது. பாளை வரும்வரை, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலும், காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். ஐந்தில் நான்கு ஆண். நுங்கு போச்சே என்று அவருக்குக் கவலை. கள்ளுக்குப் பாளை சீவ வந்தவருக்கோ ஐந்தும் நல்ல பனைதான்.